மாப்பிள்ளைச் சக்கரம்

கீரமங்கலம் பக்கத்தில் ஒரு பழைய ரைஸ் மில்லுக்குப் புது மோட்டார் மாட்டப் போன பிட்டர் ஒருவர், போன வாரம் மொபெட்டை வாசலில் சாய்த்துவிட்டு நேராக என் வீட்டுக்குள் வந்தார். நல்ல வேலைக்காரர், அதிர்ந்து பேசாதவர். அன்றைக்கு முகம் சுண்டிப் போயிருந்தது.

"அய்யா, அந்த மில்லு முகப்புல ஒரு மரத்தூண்ல சக்கரம் ஒன்னு இருந்துச்சுங்க. பெல்ட்டும் இல்லை, எந்த மிஷினோடயும் சேரவும் இல்லை. இடத்தை அடைக்குதேன்னு கழட்டிப் பழைய இரும்போட போட்டேன். அவ்வளவுதாங்க செஞ்சேன். உள்ளேருந்து நாலு பொம்பளைங்க வந்து என்னைய உண்டு இல்லைன்னு ஆக்கிட்டாங்க. அது எதைத்தாங்க ஓட்டுது?"

"ஒன்னையும் ஓட்டலை" என்றேன்.

"அப்புறம் எதுக்குங்க அது?"

இந்தக் கேள்விக்கு ஒரு டம்ளர் காபிக்குள் பதில் சொல்லி முடிக்க முடியாது. எனக்கோ வாயைத் திறந்தால் மூட வராது, அவருக்கோ மோட்டார் மாட்டும் அவசரம். எழுதித் தருகிறேன் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அதுதான் இது.

நான் ஆவூர்க்காரன். பெயர் ஆரோக்கியசாமி. பரம்பரையாக வேதக்காரக் குடும்பம், கிறிஸ்தவர்களை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வார்கள். புதுக்கோட்டை சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்த வருஷம் நான் புதுக்கோட்டையில் ஒரு இரும்புப் பட்டறையில் சேர்ந்தேன். சமஸ்தானம் சேர்ந்ததை ஊரே பேசியது. நான் சேர்ந்ததை என் அம்மாகூட ஒரு வாரம் நம்பவில்லை. ஆயில் என்ஜின், தண்ணீர் பம்பு, கடலை உடைக்கிற மிஷின், நெல் அரைக்கிற ஹல்லர் என்று ஜில்லா முழுக்க ஓடிக்கொண்டிருந்த எல்லாவற்றுக்கும் எங்கள் பட்டறையிலிருந்துதான் ஆள் போகும். முதல் சில வருஷங்கள் டீ வாங்கி வந்தேன், ஸ்பானர் எடுத்துக் கொடுத்தேன், திட்டு வாங்கினேன். அதைப் பற்றி எழுத வேறொன்றும் இல்லை. பிறகு போர்மேன் என்னைப் பெல்ட் வேலைக்கு எடுத்துக்கொண்டார்.

போர்மேன் பெயர் மாணிக்கம். ஒல்லியான மனிதர், காக்கி அரைக்கால் சட்டை, இடுப்பில் மூக்குப்பொடி டப்பி. அவரிடம் ஒரு விசித்திரமான பழக்கம் இருந்தது. மனிதர்களை எல்லாம் "டேய்" என்பார், மிஷின்களை "வாங்க, போங்க" என்பார். முதலாளி வீட்டுப் பிள்ளையாக இருந்தாலும் சரி, "டேய், தள்ளி நில்லுடா"தான். அதே வாய் ஹல்லர் பக்கம் திரும்பினால், "என்னங்க, ஒடம்புக்கு என்ன பண்ணுது? இங்கிட்டு கொஞ்சம் திரும்புங்க பார்ப்போம்" என்று குழையும். ஏன் இப்படி என்று ஒரு தடவை கேட்டேன். "அவங்க சோறு போடுறாங்க. நீ சோறு திங்கிறே. யாருக்குடா மரியாதை?" என்றார்.

பெல்ட் என்றால் இப்போது எல்லோருக்கும் விரல் தடிமனில் கறுப்பு வளையம்தான் தெரியும். தேய்ந்தால் கடையில் நம்பர் சொல்லி வாங்கி மாட்டிவிடுகிறார்கள். அன்றைய பெல்ட் ஒரு சாண் அகலம், ஒரு ஆள் தூக்க முடியாத கனம். கித்தானை அடுக்கடுக்காக வைத்து ரப்பர் பாய்ச்சிய பட்டை. பக்கத்து அறையில் என்ஜின் ஓடும், நடுச்சுவரில் ஒரு நீளச் சந்து இருக்கும், அதன் வழியாகப் பெல்ட் வந்து ஹல்லரின் சக்கரத்தைச் சுற்றும். சக்கரம் என்று நான் சொல்வது புல்லியை. பெல்ட் அறுந்தாலும் நழுவினாலும் மில் படுத்துவிடும். அதிலும் அறுந்த பெல்ட் சும்மா விழாது. சாட்டையாகச் சுழன்று எதிரில் இருப்பவரை விளாசிவிட்டுத்தான் விழும்.

தேய்ந்த பெல்ட்டைப் பார்த்தே போர்மேன் வியாதியைச் சொல்வார். ஒரு பக்க விளிம்பு மட்டும் நார் நாராகப் பிய்ந்திருந்தால், இரண்டு சக்கரமும் நேர்கோட்டில் இல்லை. உள்பக்கம் கண்ணாடிபோல் மினுங்கினால், பெல்ட் பிடிக்காமல் வழுக்குகிறது. குறுக்கே வெடிப்பு விட்டிருந்தால், முறுக்கிக் கட்டிவிட்டார்கள். பிறகு என்ஜின் சக்கரத்துக்கும் ஹல்லர் சக்கரத்துக்கும் நடுவில் நூல் பிடிப்பார். நூல் இரண்டு சக்கரத்தின் இரண்டு ஓரத்தையும் தொட வேண்டும். தொட்டதா இல்லையா என்று அவர் ஒற்றைக் கண்ணை மூடிப் பார்க்கும்போது அங்கே ஒருவரும் இருமக்கூடக் கூடாது.

புதுப் பெல்ட் போடுவது என்றால் பெரிய சடங்கு. மூலைமட்டம் வைத்துப் பெல்ட்டின் இரண்டு முனையையும் நேராக வெட்ட வேண்டும். நூலளவு கோணினால் பெல்ட் ஆயுசுக்கும் ஒரு பக்கமாக இழுக்கும். ஓட்டை போட்டு, தோல்வாரால் இரண்டு முனையையும் தைக்க வேண்டும். சக்கரத்தைத் தொடுகிற பக்கத்தில் தையல் நேராக ஓட வேண்டும், குறுக்குத் தையல் வெளிப்பக்கம்தான் வர வேண்டும். மாற்றித் தைத்தால் வார் சீக்கிரம் தேய்ந்து அறுந்துவிடும். தைத்து முடித்ததும் போர்மேன் பெல்ட்டைத் தட்டிக் கொடுத்து, "போயிட்டு வாங்க" என்பார். என்னைப் பார்த்து, "டேய், கையைக் கழுவிட்டு வாடா" என்பார்.

கீரமங்கலம் பக்கத்து மில்லில் நடந்ததைச் சொல்கிறேன். மில்காரர் முத்தையா. நல்லவர், பயந்த சுபாவம். உலகத்தில் அவர் இரண்டு பேருக்குப் பயப்படுவார். ஒருவர் எங்கள் போர்மேன். இன்னொருவர் அவருடைய சொந்த அக்கா பெரியநாயகி. அந்த அம்மாள் அதே ஊரில் வாக்கப்பட்டவர். ஊரில் எந்த நல்ல காரியமானாலும் அவர் முன்னால் நின்றுதான் நடக்கும். அவர் இல்லாமல் அங்கே தாலியே ஏறாது என்று சொல்வார்கள்.

ஒரு முறை ஒரு கல்யாண வீட்டு நெல் அந்த மில்லுக்கு வந்தது. என்ஜின் ஓடியது, ஹல்லரை முடுக்கினார்கள், பெல்ட் கிறீச்சென்று கத்திப் புகைந்து, சக்கரத்தை விட்டுக் கழன்று விழுந்தது. கல்யாண நெல் பாதியில் நிற்கலாமா? ஊர் வாயை மூட முடியவில்லை. நாங்கள் போய் நூல் பிடித்தோம், இழுவை பார்த்தோம், தையல் பார்த்தோம். ஒரு குறையும் இல்லை. சும்மா நாலு மூட்டை நெல்லைப் போட்டு ஓட்டிப் பார்த்தோம், சமர்த்தாக ஓடியது. அடுத்த முகூர்த்த மாதம் வரைக்கும் ஒரு சத்தமில்லை. பிறகு இன்னொரு கல்யாண வீட்டு நெல் வந்தது. இந்தத் தடவை பெல்ட் கழன்றதோடு நிற்காமல் தையலும் பிரிந்து, சுவரில் மாட்டியிருந்த கடிகாரத்தை அடித்து உடைத்தது. அந்த வீட்டுக்காரர்கள் மூட்டைகளை வண்டியில் திருப்பி ஏற்றிக்கொண்டு ஆலங்குடிக்குப் போய்விட்டார்கள்.

"சாதா நெல்லுன்னா ஓடுதுங்க. கல்யாண நெல்லுன்னாத் துப்புதுங்க. எம்மில்லுக்கு என்னமோ ஆயிப்போச்சு" என்று முத்தையா அழாத குறையாகச் சொன்னார்.

"டேய், பெல்ட்டுக்குச் சாதா நெல்லு, கல்யாண நெல்லுன்னு எப்படிடா தெரியும்? நெல்லு என்ன தாலி கட்டிக்கிட்டா வருது?" என்று போர்மேன் எகிறினார்.

எகிறினாரே தவிர, அவருக்கும் விளங்கவில்லை. பெல்ட்டைக் கையில் ஏந்தி மோந்து பார்த்தார். பெல்ட்டை மோந்து பார்ப்பது அவர் வழக்கம். ஆனால் நாள் முழுக்கப் பொடி போடுகிற மூக்குக்கு என்ன தெரியும்? நான் குனிந்து மோந்தேன்.

"அய்யா, சந்தனம் மணக்குதுங்க."

"ஒஞ்சட்டைடா அது. கல்யாண வீட்டுப் பக்கம் போயிட்டு வந்திருப்பே. தள்ளி நில்லு" என்றார்.

நான் எந்தக் கல்யாண வீட்டுப் பக்கமும் போகவில்லை. அவரிடம் அதைச் சொல்லி என்ன பிரயோஜனம், வாயை மூடிக்கொண்டேன். இன்னொரு விஷயமும் உண்டு. போர்மேன் வருகிறார் என்று தெரிந்தாலே மில் ஆட்கள் மண்ணெண்ணெயும் சாக்குமாக எல்லாச் சக்கரத்தையும் துடைத்துப் பளிங்காக வைத்துவிடுவார்கள். அழுக்கு மிஷினைப் பார்த்தால் அவர் கெட்ட வார்த்தையிலேயே குளிப்பாட்டுவார், அந்தப் பயம். ஆக, நாங்கள் போகிறபோது எந்தத் தடயமும் மிச்சமிருக்காது.

போர்மேன் பழைய பெல்ட்டைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுப் பெல்ட்டாகவே போட்டுவிட்டார். இனி ஒன்றும் வராது என்றார். அப்போதுதான் முத்தையா மகள் சிவகாமிக்குக் கந்தர்வக்கோட்டையில் மாப்பிள்ளை முடிவாயிற்று. மாப்பிள்ளை பள்ளிக்கூட வாத்தியார். பையன் தங்கம். அவருடைய சித்தப்பா ஒருவர், முந்திரித் தோப்புக்காரர், அவர்தான் தங்கத்தில் செம்பு. மில் சமாச்சாரம் அவர் காதுக்கும் போய்விட்டது. வெற்றிலை மாற்றுகிற அன்றைக்கே சபையில் வைத்துச் சொல்லிவிட்டார்.

"ஒங்க மில்லு கல்யாண நெல்லைத் துப்புதாமே? ஊரு பேசுது. சொந்த மக கல்யாண நெல்லை அதுலயே அரைங்க. நான் வந்து நின்னு பார்க்குறேன். துப்புச்சுன்னா, நாங்க யோசிக்க வேண்டியிருக்கும்."

வேறு மில்லில் அரைத்துக்கொள்ளலாம் என்று ஒதுங்கவும் வழியில்லை. ஒதுங்கினால் சொந்த மில்லில் குற்றம் என்று ஒத்துக்கொண்டதாகிவிடும். முத்தையா புதுக்கோட்டைக்கு பஸ் ஏறி வந்து பட்டறை வாசலில் உட்கார்ந்துவிட்டார்.

நெல் அரைக்கிற நாளைக்கு முதல் நாளே நாங்கள் போய் இறங்கினோம். நான் ஹல்லருக்குப் பக்கத்தில் குத்தவைத்துப் பெல்ட் தையலைத் தடவிக்கொண்டிருந்தபோது ஒரு பெண் மோர்ச் செம்போடு வந்து நின்றது. கல்யாணப் பெண்தான், சிவகாமி.

"அண்ணே, பெல்ட்டு நிக்குமா?"

"நிக்கும்மா."

"நல்லாப் பார்த்துச் சொல்லுங்கண்ணே. இதுக்கு முன்னாடி எட்டு எடத்துல வந்து பார்த்துட்டுப் போனாங்க. எனக்கு ஒருத்தரையும் பிடிக்கலை. இவரைப் பிடிச்சிருக்கு." சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது. "அப்பாவும் அத்தையும் சாமிக்கு நேந்துக்கிட்டாங்க. எனக்கு என்னமோ ஒங்ககிட்டச் சொல்லணும்னு தோணுச்சு."

மோரை வாங்கிக் குடித்தேன். இத்தனை வருஷத்தில் எத்தனையோ முதலாளிகள் என்னை அதட்டியிருக்கிறார்கள், ஒருத்தரும் இப்படிப் பயமுறுத்தியதில்லை. பெல்ட்டை நம்பி ஒரு பெண்ணின் வாழ்க்கை நிற்கிறது. தையலை முதலிலிருந்து ஒவ்வொரு ஓட்டையாக மறுபடி தடவிப் பார்த்தேன்.

இங்கே ஒன்றை விளக்கிவிட வேண்டும். ஹல்லர் அச்சில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சக்கரம் இருக்கும். ஒன்று சும்மா சுற்றும், மற்றது வேலை செய்யும். ஹல்லர் நிற்க வேண்டிய நேரத்தில் பெல்ட்டைச் சும்மாச் சக்கரத்தின் மேல் தள்ளி வைப்பார்கள். அரைக்க வேண்டும் என்றால் ஒரு மரக்கவையால் பெல்ட்டை நகர்த்தி வேலைச் சக்கரத்தின் மேல் ஏற்றுவார்கள். அதுவரை வேலைச் சக்கரம் வெறுமனே நிற்கும். பெல்ட் உரசி உரசி அதன் முகம் வெள்ளித் தாம்பாளமாக மின்னும்.

மறுநாள் காலை போர்மேன் என்ஜின் அறைக்குப் போனார். போகும்போது என்னிடம், "டேய், வானமே இடிஞ்சு விழுந்தாலும் பெல்ட்டை விட்டுக் கண்ணை எடுக்காதே. எடுத்தேன்னாப் பட்டறைப் பக்கம் வராதே" என்றார். முத்தையா வெளியே மாப்பிள்ளையின் சித்தப்பாவை நாற்காலியில் உட்காரவைத்து விசிறிக்கொண்டிருந்தார். நெல் மூட்டைகள் மஞ்சள் தடவி வந்து இறங்கின. பின்னாலேயே பெரியநாயகி அம்மாள் தாம்பாளத்தோடு வந்தார், கூட நாலு சுமங்கலிகள்.

"ஆம்பளைங்க எல்லாம் அங்கிட்டு போங்க" என்றார்.

மில் ஆட்கள் மறுபேச்சில்லாமல் வெளியே போனார்கள். போகிற போக்கைப் பார்த்தாலே இது வழக்கமாக நடப்பது என்று தெரிந்தது. நான் என்ன செய்வேன்? இருந்தால் பெரியநாயகி தோலை உரிப்பார், போனால் போர்மேன் உரிப்பார். அந்த அம்மாள் திரும்பிய நேரம் பார்த்துச் சுவரோரம் அடுக்கியிருந்த நெல் மூட்டைகள் மேல் ஏறிக் குப்புறப் படுத்துக்கொண்டேன்.

கல்யாணத்துக்கு முன்னால் உரலுக்குச் சந்தனம் பூசி, எண்ணெய் தொட்டு வைத்து, சுமங்கலிகள் கூடி உலக்கை போடுவது எல்லா ஊரிலும் உள்ள முறைதான். மில் வந்த பிறகு உரல் கொல்லைக்குப் போய்விட்டது. முறை எங்கே போகும்? அது மில்லுக்கு வந்துவிட்டது. ஹல்லரின் உடம்பு முழுக்கத் தவிட்டுத் தூசி. என்ஜினோ கறுப்புப் பூதம். அங்கே கண்ணுக்கு லட்சணமாக இருந்தது ஒன்றே ஒன்றுதான். பெரியநாயகி அம்மாள் ஐந்து விரலையும் கிண்ணத்து நல்லெண்ணெயில் முக்கி, பிள்ளைக்குத் தலை தேய்ப்பதுபோல அந்த வேலைச் சக்கரத்தின் முகத்தில் சுற்றி வழித்துத் தடவினார். மேலே சந்தனத்தைக் குழைத்து அப்பினார். அடுத்த சுமங்கலியும் அதையே செய்தார். அதற்கடுத்தவர் கொஞ்சம் தாராளம், கிண்ணத்தையே கவிழ்த்தார்.

பெல்ட் பிடித்து இழுக்க வேண்டிய ஒரே இடத்தில் ஐந்து பேர் வரிசையாக நின்று எண்ணெய் வார்த்தால் பெல்ட் எப்படி நிற்கும்? அட கடவுளே, இது தெரியாமல் எத்தனை நாள் நூல் பிடித்தோம், ஒற்றைக் கண்ணை மூடி மூடிப் பார்த்தோம்! சந்தனம் மணக்கிறது என்று நான் சொன்னபோது கேட்டாரா அந்த மனுஷன்? ஆத்திரத்தில் மூச்சை இழுத்தேன். மூட்டைத் தூசி மூக்கில் ஏறியது. தும்மினேன் பாருங்கள், குலவை போட வாயெடுத்த பெண்கள் அப்படியே நின்றுவிட்டார்கள்.

"யார்ரா அது மூட்டை மேல?"

சறுக்கி வந்து ஐந்து பேருக்கும் நடுவில் விழுந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் போர்மேன் என்ஜினை முடுக்கிவிட்டார், டுப் டுப் என்று சத்தம் கேட்டது. வெளியே சித்தப்பாவின் குரல் வேறு, "நல்ல நேரம் போகுதுல்ல? ஆரம்பிக்கச் சொல்லுங்க!" உங்கள் எண்ணெயால்தான் பெல்ட் கழல்கிறது என்று அந்த நேரத்தில் சொல்ல முடியுமா? மங்கலம் என்று நினைத்துச் செய்வதைக் கெடுதல் என்று ஒரு வேதக்காரப் பயல் சொன்னால் அங்கேயே என்னைப் பெல்ட்டில் கட்டி ஓட்டியிருப்பார்கள்.

கொல்லையில் நெல் அவிக்கிற அடுப்பு கண்ணில் பட்டது. ஓடிப்போய் உமிச்சாம்பலை இரண்டு கையிலும் அள்ளினேன். எண்ணெய்ப் பாத்திரத்தை நம் வீட்டில் எதைப் போட்டுத் தேய்க்கிறார்கள்? அதேதான். ஓடி வந்து சக்கரத்தில் அப்பி, தோளில் கிடந்த துண்டால் அழுத்தி அழுத்தித் துடைத்தேன். மறுபடி அள்ளி வந்தேன். மறுபடி துடைத்தேன். வாய் என்னையறியாமல் முணுமுணுத்தது. மாதாவே, மாதாவே என்றுதான் முணுமுணுத்தேன், என்ஜின் சத்தத்தில் அவர்களுக்கு என்ன கேட்டதோ தெரியாது.

பெரியநாயகி அம்மாள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். வசமாக மாட்டிக்கொண்டோம் என்று நினைத்தேன்.

"பார்த்தியாடி" என்றார் பக்கத்துப் பெண்ணிடம், குரல் தழுதழுத்தது. "வேதக்காரப் புள்ளை. எம்புட்டுப் பக்தியாத் திருநீறு பூசுது பாரு. நம்ம வீட்டு ஆம்பளைங்க ஒருத்தனுக்கு இது தோணுச்சா?"

அவரும் ஒரு பிடி சாம்பலை எடுத்துச் சக்கரத்தில் பூசிவிட்டு, மிச்சத்தை என் நெற்றியில் இட்டார். நான் நெற்றியைக் காட்டினேன். சிவகாமிக்காக அன்றைக்கு எதை வேண்டுமானாலும் காட்டியிருப்பேன்.

குலவை கிளம்பியது. எல்லோரும் உள்ளே வந்தார்கள். சித்தப்பா ஹல்லருக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். முத்தையா கண்ணை மூடிவிட்டார். சிவகாமி வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றது. போர்மேன் தானே வந்து மரக்கவையைப் பிடித்தார். என் நெற்றியைப் பார்த்தார், துண்டைப் பார்த்தார்.

"வாங்க" என்றார் பெல்ட்டைப் பார்த்து. "மெதுவா வாங்க. இன்னும் கொஞ்சம் இங்கிட்டு. பயப்படாதீங்க."

பெல்ட் நகர்ந்து வேலைச் சக்கரத்தின் மேல் ஏறியது. லேசாக ஒரு கிறீச். சிவகாமி வாயைப் பொத்திக்கொண்டது. அவ்வளவுதான், பெல்ட் கப்பென்று பிடித்துக்கொண்டது. ஹல்லர் உறுமியது. மூட்டை அவிழ்த்து நெல்லைக் கொட்டினார்கள், கீழே அரிசி கொட்டத் தொடங்கியது. கடைசி மூட்டை வரைக்கும் பெல்ட் இம்மி நகரவில்லை. சித்தப்பா ஒரு கை அரிசியை அள்ளி ஊதிப் பார்த்தார்.

"ஒடியாம வந்திருக்கு. இனி யோசிக்க ஒன்னுமில்லை, கல்யாணத்தை வச்சிருவோம்" என்றார்.

சிவகாமி அழுதது, முத்தையா அழுதார். எனக்கும் கண்ணில் தண்ணீர் வந்தது. சாம்பல் பட்டுவிட்டது என்று துடைத்துக்கொண்டேன்.

பிறகு டீக்கடையில் வைத்துப் போர்மேனிடமும் முத்தையாவிடமும் நடந்ததைச் சொன்னேன். போர்மேன் பொடி டப்பியைத் திறந்து, திறந்தபடியே நெடுநேரம் வைத்திருந்தார்.

"அப்பச் சந்தனம் மணந்தது நெசந்தானாடா?"

"ஆமாங்கய்யா."

அவர் டப்பியை மூடி இடுப்பில் செருகிக்கொண்டார். அன்று முழுக்கப் பொடி போடவில்லை. அவரைப் பொறுத்தவரை அது பெரிய மன்னிப்பு.

காரணம் தெரிந்துவிட்டது. ஆனால் அதைப் பெரியநாயகி அம்மாளிடம் யார் சொல்வது? முத்தையா டீ டம்ளரைப் பார்த்துக் குனிந்துகொண்டார். "எங்கக்காகிட்டங்களா? ஆளை விடுங்க" என்றார். போர்மேன் மீசையை முறுக்கினார். "என்னடா பெரிய அக்கா, நான் போய்ச் சொல்றேன்" என்று கிளம்பிப் போனார். வெகுநேரம் கழித்துத் திரும்பினார். கையில் ஒரு தூக்குவாளி.

"சொல்லிட்டீங்களாங்கய்யா?"

"அதிரசம் குடுத்தாங்கடா" என்றார்.

"சொன்னீங்களா, இல்லையாங்க?"

"அந்தம்மா ஒம்பக்தியைப் பத்தி ஒரு நாழிகை பேசுச்சு. எங்கிட்டுடா சொல்றது? அதிரசத்தைத் தின்னு."

அதிரசம் தின்றுகொண்டே அவர் யோசித்ததுதான் அந்தச் சக்கரம். பட்டறைக்குத் திரும்பியதும் மூலையில் கிடந்த ஒரு பழைய சக்கரத்தை எடுத்துக் கடைசல் பிடிக்கச் சொன்னார். பிறகு புளி போட்டுத் தேய்க்கச் சொன்னார். குத்துவிளக்கு தோற்றது. அதைக் கொண்டுபோய் மில் முகப்பில், ஹல்லருக்கு நேர் முன்னால், தேக்குத் தூணில் பேரிங் வைத்து மாட்டினோம். கையால் ஒரு தட்டுத் தட்டினால் ரொம்ப நேரம் சத்தமில்லாமல் சுற்றும். உள்ளே இருந்த நிஜச் சக்கரங்களைப் பலகைப் பெட்டி போட்டு மூடிக் கறுப்பு பெயின்ட் அடித்துவிட்டோம். முத்தையா போய், "அக்கா, ஒனக்காகவே போர்மேன் தனியாச் செஞ்சுகிட்டு வந்திருக்காரு, இனிமே பூசையெல்லாம் இதுக்குத்தான்" என்றார். அந்த அம்மாள் வந்து தட்டிப் பார்த்தார். சுற்றியது. முகமெல்லாம் பூரித்துப் போயிற்று.

போர்மேன் அந்தச் சக்கரத்தை மட்டும் "டேய்" என்றுதான் கூப்பிடுவார். ஏன் என்று கேட்டதற்கு, "எண்ணெய் வச்சுக் குளிச்சு, சந்தனம் பூசி, முன்னாடி வந்து சும்மா உட்கார்ந்திருக்கான். ஒரு வேலை கிடையாது. இவன் மிஷினாடா? மாப்பிள்ளைடா!" என்றார். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

அதன் பிறகு அந்த மில்லில் எந்தக் கல்யாண நெல்லும் நிற்கவில்லை. ராசியான மில் என்று பெயர் வந்துவிட்டது. பக்கத்து மில்காரர்கள் சும்மா இருப்பார்களா? எங்களுக்கும் ஒரு மாப்பிள்ளைச் சக்கரம் வேண்டும் என்று பட்டறைக்கு வந்துவிட்டார்கள். ஆலங்குடி, கந்தர்வக்கோட்டை, கீரனூர் என்று ஊர் ஊராகப் போய் மாட்டினேன். கந்தர்வக்கோட்டையில் சிவகாமியின் வீட்டுக்காரரே வந்து நின்று வேடிக்கை பார்த்தார். "இது எதுக்குங்க?" என்று வாத்தியார் கேட்டார். "ஒங்களைக் கேட்டுத்தான் தெரிஞ்சுக்கணும், நீங்களும் மாப்பிள்ளைதானே" என்றேன். பக்கத்தில் நின்ற சிவகாமி சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தது.

என் கல்யாணமும் வந்தது. ஆவூர்க் கோயிலில் ஓலை வாசித்தாகிவிட்டது. இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம் என்று பூசையில் பாதிரியார் அறிவிப்பதுதான் ஓலை. கல்யாண நெல்லை வண்டியில் ஏற்றிக்கொண்டு அம்மா கீரனூர் மில்லுக்கு வந்தார். அங்கேயும் நான் மாட்டிய சக்கரம்தான் முகப்பில் நின்றது. போர்மேன் புதுக்கோட்டையிலிருந்து பஸ்ஸில் வந்திருந்தார், வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு. அவரை வேட்டியில் அன்றுதான் பார்த்தேன். என்ஜின் ஓடத் தொடங்கியது. மில் ஆள் மரக்கவையில் கையை வைத்தான்.

"டேய், நிறுத்துடா!" என்று கத்தினார் போர்மேன். "மாப்பிள்ளைச் சக்கரத்துக்கு இன்னும் எண்ணெய் வைக்கலை."

அம்மா தயங்கினார். "நாங்க வேதக்காரங்கய்யா. எங்களுக்கு அந்த முறை கெடையாதுங்க."

"சக்கரத்துக்கு என்ன வேதம், தாயி? ஒங்க முறைப்படி வைங்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் காதருகில் போய்ச் சொன்னேன். "அய்யா, அது ஒன்னையும் ஓட்டலையே. நீங்க செஞ்சது, நான் மாட்டினது. நமக்குத் தெரியாதாங்க?"

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்த மனுஷன் கண்ணில் நான் பயத்தைப் பார்த்தது அன்றைக்கு ஒரு நாள்தான்.

"தெரியும்டா" என்றார். "ஆனா இன்னிக்கு ஓடப்போறது ஒன் நெல்லுடா."

அம்மா கிண்ணத்தில் விரலைத் தொட்டுச் சக்கரத்தின் மேல் எண்ணெயால் ஒரு சிலுவை போட்டார். சக்கரத்தைத் தட்டிவிட்டேன். அது சுற்றத் தொடங்கிய பிறகுதான் போர்மேன் மரக்கவையை நகர்த்தச் சொன்னார். எனக்கும் அப்போதுதான் மூச்சு வந்தது.

ஆகவே பிட்டர் தம்பி, பழைய இரும்பை எடைக்குப் போடுகிறவர் வருவதற்குள் ஓடிப்போய் அதை எடுத்துவிடுங்கள். புளி போட்டுத் தேய்த்து, பேரிங்குக்குக் கிரீஸ் வைத்து, இருந்த இடத்திலேயே மாட்டிவிடுங்கள். உங்கள் புது மோட்டாருக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது, எனக்கும் தெரியும். அடுத்த மாதம் உங்கள் தங்கச்சி கல்யாணம் என்றீர்களே, நெல்லை எந்த மில்லுக்குக் கொண்டுபோவதாக உத்தேசம்?